அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

கம்ப்யூட்டரில் சௌம்யாவுக்குக் கர்ப்பப்பை இல்லை.

இன்ஷூரன்ஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த மௌரீன் அதை இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை இங்கிலீஷில். பாலகுமார் ஒன்றும் புரியாதவனைப் போல நின்றதால் இரண்டாம் தடவை தமிழில், நிறுத்தி நிதானமாக, பின்னால் வரிசையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி.

"உங்க மிஸஸுக்கு டூ தௌசண்ட் ஃபோர்லயே யூட்ரஸ் எடுத்தாச்சு சார். ஓசூர்ல. இதே கார்டுலதான் கம்பெனி பணம் கட்டியிருக்கு. இல்லாத யூட்ரஸ்ல இப்ப கட்டி எப்படி வந்துச்சு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாலகுமார் சிரிக்கவில்லை. திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி சாந்தகுமாரி மூன்றடி தள்ளி, ஃபிளாஸ்க்கும் போர்வையும் திணித்த பையோடு நின்றிருந்தாள். பெங்களூரின் இன்னொரு கோடி பீன்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு சௌம்யாவுக்கு ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆள் இல்லை. மௌரீன் சொன்னது காதில் விழுந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, இந்தப் பையை இங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடிவிடலாமா என்பதுதான்.

ஏனென்றால் ஓசூரில் எடுத்தது அவளுடைய கர்ப்பப்பை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. சாந்தகுமாரியின் கணவன் சண்முகம் பீன்யாவில் ஒரு வால்வு ஃபாக்டரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். வேலை இருந்த வரைக்கும் குடும்பத்துக்கே ஈஎஸ்ஐ வைத்தியம் இருந்தது. மாதாமாதம் உதிரப்போக்கில் பாதி நாள் படுத்தே கிடந்த சாந்தகுமாரியிடம் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்று ஈஎஸ்ஐ டாக்டர்தான் சொன்னார். தேதி கொடுப்பதற்குள் ஃபாக்டரி மூடிவிட்டது. ஈஎஸ்ஐயும் அதோடு போயிற்று. சண்முகம் கான்ட்ராக்ட் வேலைக்கு அலைந்துகொண்டிருந்த அந்த ஆறு மாதத்தில் அவள் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. படிக்கட்டில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள்.

சண்முகத்தின் தம்பி பாலகுமார் அடுகோடியில் குடியிருந்தான். எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஏர் கண்டிஷனர் சர்வீஸ் பார்க்கிற வேலை. தனக்கும் மனைவிக்கும் மட்டும் சொந்தமாக மெடிக்ளெய்ம் எடுத்து வைத்திருந்தான். அட்டையைக் காட்டினால் போதும், ஆஸ்பத்திரிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியே கட்டிவிடும். அட்டையில் பெயர் இருந்தது, வயது இருந்தது. போட்டோ ஒட்ட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

அந்தக் காலிக் கட்டத்தை முதலில் பார்த்தவள் சௌம்யாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து நாலு பேரும் உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, என் அட்டை சும்மாதானே கிடக்கு," என்றாள். அமெரிக்க டாக்டர்கள் டேப்பில் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பது அத்துப்படி. பாலகுமார் பயந்தான். பெங்களூரில் மாட்டிக்கொள்வோம், இங்கே எல்லா ஆஸ்பத்திரியும் கம்பெனிக்காரனுக்குப் பழக்கம் என்றான்.

அப்போதுதான் சண்முகம் அந்த யோசனையைச் சொன்னான். "ஓசூர்ல பண்ணிடலாம்டா. அத்திப்பள்ளி தாண்டினா தமிழ்நாடு. அந்த ஊர் பேப்பர் வேற, இந்த ஊர் பேப்பர் வேற. ஒண்ணு இன்னொண்ணுகிட்ட பேசாது."

அதை யாரும் மறுக்கவில்லை. மறுக்க அவர்களுக்கு வழியும் இல்லை. திருப்பத்தூரில் வாங்கிய சாதிச் சான்றிதழை மூத்த மகள் வைஷ்ணவிக்காகக் கொண்டுபோனபோது, பெங்களூர் ஆபீசில் அதை வாங்கிக்கூடப் பார்க்காமல் திருப்பித் தள்ளினார்கள். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இங்கே செல்லாது. சண்முகத்தின் டி.என். நம்பர் வண்டியை நிறுத்தாத கர்நாடக போலீஸ்காரன் கிடையாது. இருபது வருஷமாக அந்தக் குடும்பத்தின் எந்தக் காகிதமும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி மதிப்போடு வந்ததே இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் மட்டும் வந்துவிடுமா என்ன?

வந்துவிட்டது. எந்தச் செக்போஸ்ட்டிலும் நிற்காமல், எந்தக் கியூவிலும் காத்திருக்காமல், மௌரீனின் கம்ப்யூட்டருக்கு நேராக வந்து உட்கார்ந்துவிட்டது.

"இன்னொரு விஷயம் சார்," என்று மௌரீன் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஓசூர் ஃபைல்ல பேஷன்ட் கூட இருந்தவங்க பேர் சாந்தகுமாரின்னு போட்டிருக்கு. கோ-சிஸ்டர், வயசு நாப்பத்தொண்ணு. அது யாரு?"

பாலகுமாரின் பார்வை அண்ணியின் மேலேயே இருந்தது. அதை மௌரீனும் பார்த்தாள்.

"நீங்களா? அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. அவங்களுக்கு அன்னைக்கு ஆபரேஷன் நடந்துச்சா, இல்லையா?"

அரைகுறையாகச் செய்யக்கூடாது என்று சௌம்யா அன்றைக்குப் பெயரை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தாள். படுக்கையில் படுத்த சாந்தகுமாரி சௌம்யா ஆனாள். கூட இருந்த சௌம்யா சாந்தகுமாரி ஆனாள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது இவளைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தியது. நடந்தது என்று சொன்னால், மாடியில் படுத்திருப்பவள் சௌம்யா இல்லை என்று ஆகிவிடும். நடக்கவில்லை என்றால் கம்பெனி கட்டியது எதற்கு?

"எனக்கு... சரியா ஞாபகம் இல்லம்மா," என்றாள் சாந்தகுமாரி.

மௌரீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஓரகத்தியின் கர்ப்பப்பை எடுத்தார்களா இல்லையா என்பது ஒரு பெண்பிள்ளைக்கு மறந்துபோகுமா என்று அந்தப் பார்வை கேட்டது. கம்பெனி டாக்டர் மூன்று மணிக்கு வருவார், பேஷன்ட்டை நேரில் பார்ப்பார் என்று மட்டும் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் நின்று பாலகுமார் கணக்குப் போட்டான். க்ளெய்மே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால்? அதையும் மௌரீனிடம் போய்க் கேட்டு வந்தான். கேள்வி விழுந்துவிட்டது, இனி பதில் வராமல் ஃபைலை மூட முடியாதாம். கம்பெனி சந்தேகப்படுவது பழைய ஆபரேஷனை அல்ல, இப்போது வந்திருக்கும் ஆளை. சௌம்யா என்பவளுக்கு ஓசூரிலேயே எடுத்தாகிவிட்டது, வேறு யாரோ ஒரு பெண் அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து படுத்திருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். ஆள் யார் என்று தெரியாமல் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆஸ்பத்திரியும் சொல்லிவிட்டது. நாளைய தேதி போனால், ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா வெளிநாடு போய்த் திரும்ப இரண்டு மாதம் ஆகும்.

சௌம்யாவால் இரண்டு மாதம் தாங்க முடியாது. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து, கட்டிகள்தான் காரணம் என்று போன மாதம்தான் தெரிந்தது. கர்ப்பப்பையைத் தொடாமல் கட்டியை மட்டும் எடுத்துத் தருகிறேன், அதற்கப்புறம் நம்பிக்கை உண்டு, ஆனால் இனியும் வளர விட்டால் பையையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அவள்தான் சௌம்யா என்று காட்ட ஏதாவது காகிதம் இருக்கிறதா? அதுவும் இல்லை. வைத்தியத்துக்காகப் போன மாதம் வேலையை விட்டபோது ஆபீஸ் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓட்டு அட்டை எடுக்கவே இல்லை. ரேஷன் கார்டில் அவள் பெயர் இன்னும் வாணியம்பாடியில் அப்பா வீட்டில்தான் இருந்தது.

பாலகுமார் அண்ணனுக்கு போன் போட்டான். சண்முகம் சத்தம் போட்டது பக்கத்தில் நின்ற சாந்தகுமாரிக்கும் கேட்டது. யாரும் வாயைத் திறக்கக்கூடாது, கம்ப்யூட்டர்ல தப்புன்னு சாதிங்க, போலீஸ் கேஸ் ஆனா வைஷ்ணவியை எவன் பொண்ணு கேட்டு வருவான், என்றெல்லாம் கத்தினான். கடைசியில் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னான். "சாந்தா, நீ ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு. போதும்."

"அதைத்தான் சொன்னேன்," என்றாள் அவள்.

மாடியில் சௌம்யாவிடம் பாலகுமார் விஷயத்தைச் சொன்னான். அவள் கட்டிலில் சாய்ந்து ஆஸ்பத்திரி கவுனில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கா பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். அது கோபமாக இருந்திருந்தால் சாந்தகுமாரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இல்லை. நீங்கள் பயப்படாதீர்கள் என்பது போல இருந்தது. "வரட்டும். பாத்துட்டுப் போகட்டும். அக்காவை இதுல இழுக்காதீங்க," என்று கணவனிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாந்தகுமாரி வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பையில் புளிசாதம் இருந்தது. பாலகுமார் சாப்பிடவில்லை, அவளும் தொடவில்லை.

போலீஸ் பயம் அவளுக்கு இருந்ததுதான். ஆனால் அவள் நாக்கைக் கட்டியது அது இல்லை. அந்த ஓசூர் ஃபைலில் யாருக்கும் தெரியாத ஒரு வரி இருந்தது. அது சௌம்யாவுக்குத் தெரியாது, பாலகுமாருக்குத் தெரியாது, சண்முகத்துக்கும் தெரியாது.

ஓசூரில் முதல் இரண்டு நாள் எல்லாம் வேடிக்கையாகத்தான் போயிற்று. முந்தின ஞாயிறே தலைக்குச் சாயம் அடித்தாகிவிட்டது. தன் பிறந்த தேதியை சௌம்யா பஸ்ஸிலேயே இவளை மனப்பாடம் பண்ண வைத்தாள். நர்ஸ் மூன்று தடவை "சௌம்யா" என்று கூப்பிட்டும் இவள் திரும்பாமல் இருந்ததில், காது கேட்காத பேஷன்ட் என்று சீட்டில் எழுதப் போனார்கள். சௌம்யா பழக்க தோஷத்தில் அவளை "அக்கா" என்றதும், அதே நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரும்மா இதுல அக்கா? அக்கா இளசா இருக்கா, தங்கச்சி முத்தலா இருக்கா. உங்க ஊர்ல எல்லாம் தலைகீழா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. எங்கள் வீட்டில் எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம் என்று சௌம்யா சமாளித்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டர் அவளைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி. சௌம்யாவை வெளியே நிற்கச் சொன்னார்.

"வயசு இருபத்தொன்பதுன்னு போட்டிருக்கு. குழந்தைங்க?"

சௌம்யாவுக்குக் குழந்தை இல்லை. சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். "இல்ல டாக்டர்," என்றாள் சாந்தகுமாரி. இரண்டு பெண்களைப் பெற்றவள், பெரியவளுக்குப் பதினாறு, சின்னவளுக்குப் பன்னிரண்டு.

"இருபத்தொன்பது வயசு, குழந்தையும் இல்ல. எப்படிம்மா எடுக்கறது? மருந்துல கொஞ்ச நாள் பாக்கலாமே."

எடுக்க மாட்டார் என்று தோன்றியதும் அவளுக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் அந்த உதிரப்போக்கு, அந்த மயக்கம், அந்தப் படிக்கட்டு. இவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போவதா? யோசிக்கவே இல்லை. வாயில் தானாக வந்தது. "எங்களுக்குக் குழந்தை வேண்டாம் டாக்டர். எப்பவும் வேண்டாம். அதனாலதான் எடுத்துடுங்கன்றேன்."

டாக்டர் பரிசோதனை செய்திருந்தவர். இரண்டு பிரசவம் கண்ட வயிற்றை அவருக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவள் போட்டது சௌம்யாவின் கையெழுத்து.

வெளியே வந்தபோது சௌம்யா, "என்னக்கா கேட்டார்?" என்றாள். "சும்மா, சாப்பாடு பத்தி," என்றாள் இவள்.

அதற்கப்புறம் சாந்தகுமாரிக்கு உடம்பு தேறியது. முகத்தில் ரத்தம் ஊறியது. சௌம்யாவுக்கோ ஒவ்வொரு மாதமும் ஏமாற்றமாகவே போயிற்று. கோயிலுக்குப் போனாள், டாக்டரிடம் போனாள், மாதாமாதம் ஆபீசுக்கு ஒரு நாள் லீவு போட்டு அழுதாள். அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தவள் சாந்தகுமாரிதான். தடவிக் கொடுத்த கையாலேயே அந்தக் கையெழுத்தைப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். சௌம்யாவின் பெயரில், சௌம்யாவின் வயதில், குழந்தை எப்பவும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. வரம் கொடுக்கிற சாமி காதில் அது விழுந்துவிட்டதோ என்று சாந்தகுமாரி நினைக்காத நாள் இல்லை. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் நினைப்பாள்.

வாயைத் திறந்தால் ஃபைலைத் திறப்பார்கள். ஃபைலைத் திறந்தால் அந்த வரி வரும்.

மூன்று மணிக்குக் கம்பெனி டாக்டர் வந்தார். பெயர் ப்ரஹ்லாத். ஐம்பது வயது இருக்கும். மல்லேஸ்வரம் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கையில் ஒரு தடித்த உறை. "பயப்படாதேங்கோம்மா, என் வேலை பாத்துட்டு எழுதறது மட்டும்தான்," என்று பெஞ்சில் இருந்தவளிடம் மரியாதையாகவே சொன்னார். ஓசூரில் கூட இருந்தது நீங்கள்தானா என்றும் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ஆபரேஷன் நடந்ததா என்றார். அவள் புடவைத் தலைப்பின் நுனியை முறுக்கினாள். அவர் மௌரீனிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். தழும்பு இருந்தால் பாலிசிக்காரி இவள்தான், கட்டி இருப்பதாகக் காட்டிய ஸ்கேன் யாருடையதோ. தழும்பு இல்லாவிட்டால் ஆள் வேறு. இரண்டில் ஒன்று, ஐந்து நிமிஷ வேலை.

அவ்வளவு இங்கிலீஷ் சாந்தகுமாரிக்குப் புரியும். இருபது வருஷ பெங்களூர்.

சௌம்யாவின் வயிற்றில் தழும்பு கிடையாது. ஒரு கீறல்கூடக் கிடையாது. அதனாலேயே அவள் சௌம்யா இல்லை என்று ஆகப்போகிறது.

அவளைப் பரிசோதனை அறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். கவுனுக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, குனிந்த தலையோடு போனாள். பெஞ்சைத் தாண்டும்போது அக்காவைப் பார்க்காமல் இருக்க முகத்தை வேண்டுமென்றே அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். பார்த்தால் அக்கா ஏதாவது சொல்லிவிடப் போகிறாளே என்ற பயம் அது. மௌரீனும் கூடவே உள்ளே போனாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"கவுனைக் கொஞ்சம் தூக்குங்கோம்மா," என்ற குரல் கேட்டது. பிறகு, "உங்க பேர் என்ன? நிஜப் பேரைச் சொல்லுங்கோ."

"சௌம்யா."

"அதான் அட்டைல இருக்கே. உங்க பேரைக் கேக்கறேன்."

"சௌம்யாதாங்க."

சாந்தகுமாரி எழுந்தாள். பாலகுமார், "அண்ணி, வேண்டாம்," என்று கையைப் பிடிக்க வந்தான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் சௌம்யா படுத்திருந்தாள், முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு.

"அவ வயித்துல ஒண்ணும் இருக்காது டாக்டர். அவதான் சௌம்யா. ஓசூர்ல படுத்தது நான்."

யாரும் பேசுமுன்னே புடவையை விலக்கி அடிவயிற்றைக் காட்டினாள். குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு, இன்னும் மங்காமல். வேற்று ஆண்பிள்ளை முன்னால் நிற்கிறோம் என்ற கூச்சம் அவளுக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் பின்னால் வருகிறது என்று தெரியும்.

ப்ரஹ்லாத் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மூடிக்கோங்கோம்மா," என்றார். சௌம்யாவின் கவுனை மௌரீன் தானாகவே இழுத்துவிட்டாள். பெரிய டாக்டர் ஆச்சே, திட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள் சாந்தகுமாரி. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து உறையிலிருந்து காகிதங்களை எடுத்தார். இதுதான் அவளுக்குப் பயம். தாள் ஒவ்வொன்றாகத் திரும்பியது.

"ஓசூர் டாக்டர் கேட்டதெல்லாம் உங்களைத்தானா?"

"ஆமாங்க."

"உங்களுக்குக் குழந்தைங்க?"

"ரெண்டு பொண்ணுங்க."

"இங்கே இல்லைன்னு இருக்கே." அவர் விரலை ஒரு வரியில் வைத்து, தனக்கே சரிபார்த்துக்கொள்வது போலத் தமிழில் படித்தார். "நோயாளிக்குக் குழந்தை இல்லை. எக்காலத்திலும் குழந்தை வேண்டாம் என்று நோயாளி உறுதியாகத் தெரிவித்ததால்..." மேலே படிக்காமல் நிமிர்ந்தார்.

சௌம்யா முழங்கையை எடுத்தாள். மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்படியா சொன்னீங்க, அக்கா?"

எடுக்க மாட்டேன்னுட்டார், எனக்கு வேற வழி தெரியல, என்று சொல்லத்தான் சாந்தகுமாரி நினைத்தாள். அது எதுவும் சௌம்யாவின் கேள்விக்குப் பதில் இல்லை.

"என் பேர்லயா?" என்றாள் சௌம்யா.

"ஆமா."

கதவருகே வந்து நின்ற பாலகுமார் சட்டென்று வெளியே போய்விட்டான். மௌரீன் தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. பாலிசி ரத்து ஆகும் என்றார் ப்ரஹ்லாத். ஓசூருக்குக் கட்டியதைக் கம்பெனி திருப்பிக் கேட்கும், கொடுத்துவிட்டால் போலீஸுக்குப் போகிற வழக்கம் இல்லை. இந்த ஆபரேஷனுக்கு அட்டை உதவாது, கைக்காசுதான். ஆனால் ஆள் இன்னார் என்று தீர்ந்துவிட்டது, நாளைய தேதி நிற்கும். உள்ளதை உள்ளபடி எழுதி அந்தம்மா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான்.

மௌரீன் ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தாள். சாந்தகுமாரிக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். பரவாயில்லை, இங்கிலீஷில் மாற்றிக்கொள்கிறேன் என்றாள் மௌரீன். பரிசோதனை மேஜையின் ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். சண்முகத்தின் மனைவி சாந்தகுமாரியாகிய நான், என்று ஆரம்பித்து அட்டையை வாங்கியது, பெயரை மாற்றியது, ஆபரேஷன் செய்துகொண்டது எல்லாம் எழுதினாள். யோசனை சொன்னது யார் என்று எழுதவில்லை. அட்டையைக் கொடுத்தது யார் என்றும் எழுதவில்லை, நான் எடுத்துக்கொண்டேன் என்று எழுதினாள். முடித்துவிட்டு நீட்டினாள்.

கட்டிலில் இருந்து சௌம்யா கையை நீட்டித் தாளை வாங்கினாள். ஆபீசில் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்தாள்.

"அதை எழுதலையே," என்றாள்.

"கம்பெனிக்கு அது தேவையில்லை மேடம்," என்றாள் மௌரீன், அவசரமாக.

"எனக்குத் தேவை. அந்த ஃபைல்ல என் பேரு இருக்கு." தாளைத் திருப்பி நீட்டினாள். "எழுதுங்க, அக்கா."

சாந்தகுமாரி எழுதினாள். குழந்தை வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னது சௌம்யா அல்ல, நான்தான். சௌம்யா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு இரண்டு பெண்கள் இருந்தும் இல்லை என்று பொய் சொன்னேன். கையெழுத்தைப் போட்டாள்.

சௌம்யா அந்த வரிகளை மட்டும் மறுபடி படித்துவிட்டு, தானே மௌரீனிடம் கொடுத்தாள். அவளை வார்டுக்குக் கூட்டிப்போக நர்ஸ் வந்தாள். சாந்தகுமாரி ஃபிளாஸ்க் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

வார்டு வாசலில் சௌம்யா நின்றாள். "நீங்க வீட்டுக்குப் போங்க, அக்கா. ராத்திரி அவர் இருப்பார்."

"நாளைக்குக் காலைல வரட்டுமா?"

சௌம்யா யோசித்தாள். "தெரியலக்கா," என்றாள். ஒப்புக்குக்கூட வாங்க என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கீழே கவுண்ட்டரைத் தாண்டும்போது மௌரீன் கூப்பிட்டாள். ஸ்டேட்மென்ட்டின் நகல் ஒன்று தபாலில் வீட்டுக்கு வரும், விலாசம் வேண்டும் என்றாள். இங்கிலீஷில் வருமா என்று சாந்தகுமாரி கேட்டாள். ஆமாம் என்றாள் மௌரீன். பிறகு, கண்ணைப் பார்க்காமல், "மேலே உங்க பேர் இருக்கும். நீங்களே வாங்கிக்கோங்க," என்றாள்.

பீன்யா வீட்டில் இங்கிலீஷ் கடிதாசு வந்தால் பிரிப்பது வைஷ்ணவிதான். கரண்ட் பில் ஆனாலும், காலேஜ் கடிதம் ஆனாலும், யார் பெயரில் வந்தாலும் அவள்தான் வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். எனக்கு இரண்டு பெண்கள் இருந்தும் இல்லை என்று. அதையும் வாசிப்பாள்.

மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது சண்முகத்தின் போன் மூன்று தடவை வந்தது. எடுக்கவில்லை. அவனிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யஷ்வந்த்பூர் வரைக்கும் யோசித்தாள். எப்படி ஆரம்பித்தாலும் அது நல்லபடியாக வரவில்லை.

வீட்டுக் கதவைச் சின்னவள் திறந்தாள். வைஷ்ணவி தரையில் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அம்மா இந்த நேரத்தில் திரும்பி வந்ததைப் பார்த்து எழுந்தாள்.

"ஏம்மா வந்துட்டே? சித்தி எப்படி இருக்காங்க?"

"நல்லாருக்கா. நாளைக்கு ஆபரேஷன்." செருப்பைக் கழற்றிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் சாந்தகுமாரி தரையில் உட்கார்ந்தாள். சின்னவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். புடவைத் தலைப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஓசூர்ல டாக்டர் என்னை ஒண்ணு கேட்டார்," என்று ஆரம்பித்தாள். "உங்க ரெண்டு பேரைப் பத்தி."